வீட்டில் கூப்பிடும் பெயர்

என் நாயின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நேரில் கேட்டவர்களுக்கும் சொன்னதில்லை. படப்பிடிப்புக்குப் போனால் கதையில் என்ன பெயரோ அதைச் சொல்லித்தான் எல்லோரும் கூப்பிட வேண்டும். வீட்டில் கூப்பிடும் பெயர் எனக்கும் என் மனைவிக்கும் மட்டும். தொழிலுக்காக நான் வைத்திருக்கும் சட்டம் இது. லைட் தூக்குகிறவர், மேக்கப் போடும் பெண், சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுவருகிறவர் என்று ஆளாளுக்கு ஒரு நாயைப் பெயர் சொல்லிக் கொஞ்சினால், அந்தப் பெயர் அதன் காதில் மின்விசிறிச் சத்தம் மாதிரி ஆகிவிடும். பிறகு அவசரத்துக்கு நாம் கூப்பிடும்போது திரும்பாது.

தொழில் சட்டம் என்றேன். அது பாதிதான். மீதி, என் குணம். எனக்குப் பொறாமை கொஞ்சம் அதிகம். என் பொருளை இன்னொருவர் தொட்டால் எனக்குப் பிடிக்காது. என் நாயைத் தொட்டால் அன்று சாப்பாடு இறங்காது.

குளுவாங் மாதிரி ஒரு சின்ன ஊரில் இருந்துகொண்டு சினிமாவுக்கும் டிவிக்கும் மிருகம் பழக்குகிறேன் என்றால், 'சர்க்கஸா?' என்றுதான் முதலில் கேட்பார்கள். நான் பிறந்தது பாலோ பக்கம் ஒரு தோட்டத்தில். வளர்ந்தது குளுவாங் டவுனில். இளவயதில் சிங்கப்பூரில் ஒரு செக்யூரிட்டி கம்பெனிக்குக் காவல் நாய்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தேன். அசையாமல் உட்காரும் நாய் ஒன்று வேண்டும் என்று விளம்பரப் படம் எடுக்கிறவர்கள் ஒருநாள் வந்தார்கள். நான் கூட்டிப்போன நாய், நடித்த பெண்மணி மூன்று முறை வசனத்தை மறந்தும் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. டைரக்டர் நாயைத்தான் பாராட்டினார், என்னை யாரும் பார்க்கவில்லை. அன்றைக்கே எனக்கு வயிறு எரிந்தது. இருந்தாலும் தொழில் பிடித்துப்போயிற்று.

அதற்குப் பிறகு மலாய் நாடகங்களுக்குப் பூனை, ஆடு. பெருநாள் விளம்பரங்களுக்குச் சேவல். பொங்கல் வந்தால் மாடு. தமிழ்ப் படங்களுக்குத்தான் நாய். சேவலைக் கூவ வையுங்கள் என்பார்கள். சேவல் அதுவாக நினைத்தால்தான் கூவும். நான் அதை வேலிமேல் அழகாக நிற்க வைப்பேன், கூவலைப் பிறகு சேர்த்துக்கொள்வார்கள். பூனை, கேமரா ஓடாத நேரத்தில் எல்லாம் பிரமாதமாக நடிக்கும். நாய் ஒன்றுதான் நமக்காக வேலை செய்யும்.

இந்தத் தொழிலில் ஒரு ரகசியம் உண்டு. படத்தில் நாய் கதாநாயகனை அன்பு பொங்கப் பார்க்கும். பார்க்கிற சனம் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். அந்த நாய் பார்ப்பது கதாநாயகனை அல்ல. அவருடைய காதுக்குப் பின்னால், கேமராவை ஒட்டி ஒருவன் நிற்பான். அவன் இடுப்புப் பையில் வெந்த கோழி ஈரல் இருக்கும். அவன்தான் நான். பெயரும் கைதட்டலும் யாருக்கோ போகும். ஆனால் அந்தப் பார்வை என்னுடையது. இத்தனை வருடம் என் வயிற்றெரிச்சலுக்கு அதுதான் மருந்தாக இருந்தது.

டேக் ஓடும்போது நான் வாயைத் திறக்கக்கூடாது. சவுண்ட் பார்க்கும் மலாய்க்காரர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் செருமினால்கூட "சியாப்பா பீசிங் து?" என்று யார் சத்தம் போட்டது எனத் தேட ஆரம்பித்துவிடுவார். அதனால் என் நாய்கள் கையைப் பார்த்து வேலை செய்கிறவை. உள்ளங்கையைத் தாழ்த்தினால் படுக்கும். நிமிர்த்திக் காட்டினால் அசையாது. கையை நெஞ்சில் வைத்தால் ஓடி வரும். வீட்டிலும் இதே கைப்பேச்சுதான். சத்தம் போட்டுப் பழக்கினால் நாய் காதை நம்பும், கையை மறந்துவிடும் என்பது என் கொள்கை. வீட்டுப் பெயரைக்கூட நான் அதிகம் சொன்னதில்லை, பத்திரமாக வைத்திருந்தேன்.

நாயிடம் என்று இல்லை, பொதுவாகவே நான் பேச்சில் சிக்கனம். காப்பி வேண்டும் என்றால் காலிக் கப்பை லேசாகத் தூக்கிக் காட்டுவேன், மனைவி வாங்கிக்கொண்டு போவாள். அவள் பெயரைச் சொல்லி நான் கூப்பிட்ட ஞாபகம் இல்லை. தொண்டையைச் செருமினால் போதும், யாரைக் கூப்பிடுகிறேன் என்று அவளுக்குத் தெரியும்.

போன வருடம் தீபாவளிக்கு ஒளிபரப்ப ஒரு தமிழ் டெலிமூவி எடுத்தார்கள். ஊரைவிட்டுப் போகப்போகும் ஒரு வாலிபனும் அவனுடைய கிழட்டு நாயும்தான் கதை. என் நாய்க்கு மூக்கைச் சுற்றி நரைத்திருந்தது. சந்தையில் மீன் கடைக்குப் பின்னால் கிடந்த செம்மண் நிறக் குட்டி, என்னிடம் வந்து வளர்ந்து, நடித்து, கிழடாகியும்விட்டது. டைரக்டருக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது.

வாலிபனாக நடிக்க வந்தவன் கோலாலம்பூர்க்காரன். மாலையில் வரும் ஒரு தொடரில் நல்ல பிள்ளையாக நடிக்கிறவன். அந்தத் தொடர் வந்தால் என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு டிவி முன்னால் உட்காருவாள். படப்பிடிப்புகளுக்கு அவளும் வருவாள். ஈரல் வேகவைப்பது, தண்ணீர் காட்டுவது, வெயிலில் நாய்க்குக் குடை பிடிப்பது எல்லாம் அவள் பொறுப்பு. முதல் நாளே அவன் அவளிடம் வந்து, "அக்கா, நீங்கதான் இவரோட பார்ட்னரா?" என்றான். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. என் பக்கம் திரும்பி, "ஹலோ அங்கிள்" என்றான். அவளுக்கும் எனக்கும் இரண்டு வயதுதான் வித்தியாசம். அவள் அக்கா, நான் அங்கிள். அங்கேயே எனக்குப் பற்றிக்கொண்டது.

அவன் வாய் ஓயாது. நாய்ப் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, "என்னடா தங்கம், சாப்டியா? நல்லா தூங்குனியா? என் ரூம்ல ஏர்கோன் வேலை செய்யல லா, கொசு பிச்சு எடுத்துருச்சு. உன் வீட்டுல கொசு இருக்கா?" என்று விடாமல் பேசுவான். நாய் காதை அவன் பக்கம் திருப்பி, வாலால் தரையைப் பெருக்கிக்கொண்டு கிடக்கும். இவ்வளவு காலம் சோறு போட்ட என்னைப் பார்த்து அது இப்படிக் குழைந்ததில்லை. நான் குழைய விட்டதில்லை என்பது வேறு விஷயம்.

இரண்டு மூன்று நாள் போனதும் வேலையில் வித்தியாசம் தெரிந்தது. பாலோ கடைத்தெருவில், சாலைக்கு அந்தப் பக்கம் நின்று கையைத் தாழ்த்தினேன். நாய் நேராக என் பக்கம்தான் பார்த்தது, படுக்கவில்லை. ஈரல் துண்டை எறிந்தேன். எப்போதும் வாயைத் திறந்து லபக்கென்று பிடிக்கிற நாய், மூக்கில் பட்டுக் கீழே விழ விட்டது. அதே ஈரலை அவன் கையில் வைத்து, "இந்தாடா, மூக்குக்கு முன்னாடி இருக்கு பாரு" என்றதும் பூப்போல வாங்கித் தின்றது. வேனில் ஏறும்போது படியில் முன்காலை வைத்துத் தயங்கி நின்றது. 'பெரிய ஸ்டார் ஆயிட்டீங்க, தூக்கி ஏத்தணுமா?' என்று மனதுக்குள் கறுவினேன்.

"நாய் தடுமாறுது, டாக்டர்கிட்ட காமிக்கலாமா?" என்று மனைவி கேட்டாள்.

"திமிரு," என்றேன். அன்று நான் பேசியது அந்த ஒரு வார்த்தைதான் என்று நினைக்கிறேன்.

"நான் சொல்றத முழுசா கேளுங்களேன்" என்றாள். நான் எழுந்து வேனைக் கழுவப் போய்விட்டேன்.

இடையில் ஒருநாள் தங்காக் டவுனில் துணிக்கடைக் காட்சி. நாய்க்கு அன்று வேலை இல்லை. அங்கே நடித்துவிட்டுத் திரும்பி வந்தவன் என் மனைவிக்கு மயில்கழுத்து நிறத்தில் ஒரு சேலை வாங்கி வந்திருந்தான். "எங்க அம்மாவுக்கு எடுத்தேன் அக்கா, அப்படியே உங்களுக்கும் ஒண்ணு." நாய்க்கு, உள்ளே மணி வைத்த ரப்பர் பந்து. உருட்டினால் கலகலவென்று சத்தம் வரும். நாய் அதன் பின்னால் குட்டிபோல ஓடியது. எனக்கு ஒன்றும் இல்லை. நான் கேட்கவும் இல்லை. சவுண்ட்காரர் தலையில் அடித்துக்கொள்வார் என்று காரணம் சொல்லிப் பந்தைப் பிடுங்கி, வேனில் ஸ்பேனர் இருக்கும் பெட்டியில் போட்டு மூடினேன். சேலையை அப்படி மூட முடியவில்லை. அவள் அதைக் கண்ணாடி முன்னால் தோளில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள்தான் அது நடந்தது. ஒரு கொட்டகைக்குப் பின்னால் நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கமிருந்து அவன் நாயைக் கூப்பிட்டான். கதையில் உள்ள பெயர் இல்லை. வீட்டில் கூப்பிடும் பெயர். நான் சொன்னால்கூட இவ்வளவு அழகாக வராது, அப்படி இழுத்து, ராகம் போட்டுக் கூப்பிட்டான். நாய் அவன் பக்கம் ஓடும் சத்தமும் கேட்டது. குடித்த தண்ணீர் எனக்குப் புரை ஏறியது.

மனைவியிடம் போய் நின்றேன். "யாரு சொன்னா அவனுக்கு?"

"நான்தான் சொன்னேன்." ஈரல் நறுக்கிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"ஏன்?"

"தேவைப்பட்டுச்சு. ஏன்னு கேக்கறீங்களே, பதில் சொன்னா நின்னு கேப்பீங்களா?"

நான் நிற்கவில்லை. ஒரு சேலைக்காகப் பெயரைக் கொடுத்துவிட்டாள் என்று நினைத்தேன். நாய் போயிற்று, பெயர் போயிற்று, இவளும் அந்தக் கட்சிக்கே போய்விட்டாள். அன்று ஒரு நாற்காலியை எடுத்துக்கொண்டு தனியாகப் போய் உட்கார்ந்து, அவன் சிரிக்கும்போதெல்லாம் அவனுடைய பல்லில் குறை தேடிக்கொண்டிருந்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

கடைசி நாள், கடைசிக் காட்சி. செம்பனைத் தோட்டத்து மண் பாதை. வாலிபன் பையைத் தூக்கிக்கொண்டு பேசியபடியே நடந்து போக வேண்டும். நாய் வீட்டு வாசலில் உட்கார்ந்து அவன் போவதையே பார்க்க வேண்டும், பின்னால் போகக்கூடாது. அதுதான் கதையின் முடிவு. வெயில் சாய்ந்து, பனை மட்டைகளின் நிழல் பாதை முழுக்க விழுந்திருந்தது. நான் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று உள்ளங்கையை நிமிர்த்திக் காட்டினேன். அசையாதே.

அவன் வசனத்தைப் பேசிக்கொண்டு நடந்தான். நாய் எழுந்து அவன் பின்னால் போனது. மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் போனது. என் கை ஆகாயத்தில் நின்றது, நின்ற கையை அது ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. எத்தனையோ படப்பிடிப்பு பார்த்த நாய், ஊர் பார்க்க என் மானத்தை வாங்கியது. டைரக்டர் கொஞ்சம் யோசித்தார்.

"அண்ணே, விடுங்க. அது அவன் பின்னாலயே போறதுதான் இன்னும் நல்லாருக்கு. கதையை மாத்திடலாம்."

எல்லோரும் கைதட்டினார்கள். என் நாய் என்னைவிட்டுப் போவதுதான் நல்ல முடிவாம்.

கட் சொன்னதும் அவன் சட்டையில் குத்தியிருந்த மைக்கைக் கழற்றிக் கொடுக்க, படப்பிடிப்புச் சாமான் லாரிக்குப் பின்னால் போனான். அவன் குரல் நின்றுவிட்டது. நாய் பாதை நடுவில் தனியாக நின்றது. தலையை இந்தப் பக்கம் திருப்பியது, அந்தப் பக்கம் திருப்பியது. நான் நடந்து போய் அதற்கு நேர் எதிரே, கொஞ்சம் தள்ளி நின்றேன். எங்கள் இருவருக்கும் நடுவில் யாரும் இல்லை. கையை நெஞ்சில் வைத்தேன். வா.

நாய் என்னைப் பார்த்தது. என் முகத்துக்கு நேராகத்தான் பார்த்தது. வரவில்லை.

கையை எடுக்காமல் நின்றேன். இவ்வளவு நாள் எரிந்ததெல்லாம் அப்போது அணைந்துபோய், பயம் வந்தது. இது என்னைவிட்டுப் போய்விட்டது, இனிமேல் வராது என்று நினைத்தேன். கூப்பிட மட்டும் மனம் வரவில்லை. அவன் வாய் பட்ட பெயரை நான் சொல்வதா என்று அந்த நேரத்திலும் ஒரு வீம்பு.

முதுகுக்குப் பின்னால் மனைவியின் குரல் கேட்டது. இப்படிச் சத்தமாக அவள் என்னிடம் பேசியதே இல்லை.

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க? கூப்பிடுங்க! அதுக்குக் கண்ணு தெரியலங்க. நீங்க நிக்கிறதே அதுக்குத் தெரியல!"

பெயரைச் சொன்னேன். முதல் தடவை காற்றுதான் வந்தது. இரண்டாம் தடவை கத்தினேன். நாயின் இரண்டு காதும் விறைத்து நின்றன, வால் சுற்ற ஆரம்பித்தது. நேர்க்கோட்டில் ஓடி வந்து, நிற்கத் தெரியாமல் என் முழங்காலில் முட்டி, மூக்கை நான் கட்டியிருந்த சாரத்தில் புதைத்துக்கொண்டது. நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். தூரத்தில் சவுண்ட்காரர் "அலமாக்" என்று மலாயில் ஐயோ போடுவது கேட்டது. அவர் இன்னும் ஹெட்போனைக் கழற்றவில்லை போலிருக்கிறது.

திரும்பி வரும்போது வேனில் மனைவி எல்லாவற்றையும் சொன்னாள். படப்பிடிப்பு தொடங்கும் முன்பே, வீட்டில் சோபாவை நகர்த்திப் போட்ட அன்று நாய் அதில் முட்டியதைப் பார்த்திருக்கிறாள். சமையலறையில் அவள் கரண்டிச் சத்தத்தை வைத்துத்தான் அது நடமாடியதாம். என்னிடம் சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் நான் எழுந்து போயிருக்கிறேன். வேறு வழியில்லாமல் அவனிடம் சொல்லியிருக்கிறாள். "தம்பி, நீ பேசிக்கிட்டே இருப்பா. சத்தம் இருந்தாத்தான் அதுக்கு ஆள் எங்க இருக்குன்னு தெரியும்" என்று சொல்லிப் பெயரையும் கொடுத்திருக்கிறாள். கொசுக் கதை, ஏர்கோன் கதை எல்லாம் அதற்காகத்தானாம். மணி வைத்த பந்தும் அவன் யோசித்து வாங்கியதுதான். அங்கிளிடம் சொல்லிவிடலாமே என்று கேட்டானாம். அங்கிளுக்குக் கோபம் வரும் என்று இவள் தடுத்துவிட்டாள்.

அவனுக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். எனக்கு மறுபடியும் வயிறுதான் எரிந்தது. என் நாய்க்குக் கண் தெரியவில்லை என்பது எனக்கு முன்னால் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. வேனை ஓரமாக நிறுத்தி, ஸ்பேனர் பெட்டியைத் திறந்து பந்தை எடுத்து நாயிடம் உருட்டினேன்.

குளுவாங்கில் மிருக டாக்டர் இரண்டு கண்ணிலும் விளக்கடித்துப் பார்த்தார். வயதாகிவிட்டது, வெளிச்சத்தில் நிழலாட்டம் மட்டும் தெரியும், போகப் போக அதுவும் தெரியாது என்றார். வீட்டுச் சாமான்களை இடம் மாற்றாதீர்கள், நிறையப் பேசுங்கள் என்றார். 'நிறையப் பேசுங்கள்' என்றதும் என் மனைவி சுவரில் இருந்த பூனைப் படத்தைக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தாள்.

தீபாவளிக்குப் படம் வந்தது. முறுக்குத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தோம். அவள் அந்த மயில்கழுத்துச் சேலையைத்தான் கட்டியிருந்தாள். டிவியில் அவன் குரல் கேட்டதும், காலடியில் படுத்திருந்த நாய் எழுந்து போய்ப் பெட்டியின் ஸ்பீக்கரில் மூக்கை வைத்தது. எனக்குச் சுருக்கென்றது. ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தேன். மனைவி முறைத்தாள், மறுபடி கூட்டினேன். படத்தின் கடைசியில் நாய் அவன் பின்னாலேயே போகிறது. பக்கத்து வீட்டு அம்மா போன் செய்து அழுதார்கள். அந்தப் படத்தில் அது என்னைப் பார்க்கும் பார்வை ஒன்றுகூட இல்லை. அவனையும் அது பார்க்கவில்லை, கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அதை நினைத்துக் கொஞ்சம் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

இப்போதெல்லாம் காலையில் எழுந்ததிலிருந்து பேச்சுதான். "இங்க படி இருக்கு, பாத்து. வலது பக்கம் பூத்தொட்டி. மழை வரும்போல இருக்கு. நேத்து அந்தப் பூனை பண்ணின கூத்தைக் கேட்டியா? மலாய் நாடகத்துல விட்டேன், டைரக்டர் நாற்காலியிலயே ஒண்ணுக்குப் போயிருச்சு." நாய் காதைத் திருப்பிக்கொண்டு கேட்கும். சொல்லச் சொல்ல எனக்கும் சொல்ல நிறைய இருக்கிறது. தோட்டத்துக் கதை, சிங்கப்பூரில் பட்ட பாடு எல்லாம் சொல்லியிருக்கிறேன். அவனைவிட நான் நன்றாகப் பேசுகிறேன் என்றுதான் நினைக்கிறேன்.

போன வாரம் ஒரு காலையில் வாசலில் உட்கார்ந்து இப்படிப் பேசிக்கொண்டிருந்தேன். மனைவி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. காப்பி முடிந்திருந்தது. பேச்சை நிறுத்தாமல், பழக்கத்தில், காலிக் கப்பை அவள் பக்கம் லேசாகத் தூக்கிக் காட்டினேன்.

அவள் வாங்கவில்லை. நாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடியில், என் முகத்தில் பார்த்திருக்கிறேன்.

"எனக்கும் கண்ணு போனாத்தான் எங்கிட்ட வாயைத் திறப்பீங்களா?"

கப்பைக் கீழே வைத்தேன். நாய் தலையைத் தூக்கி, அடுத்து யார் பேசப்போகிறார்கள் என்று காத்திருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அவளை அவள் வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டேன். அந்தப் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை.